நாயோடு தினமும் கொம்புமுறியா, டீச்சர்?

கேள்வி: "எங்கள் வீட்டில் டைகர் என்று ஒரு ஆண் நாய். வயது ஒன்றேகால், அல்சேஷனும் ஊர் நாயும் கலந்தது, 25 கிலோவுக்குக் குறையாது. மகன்தான் குட்டியாக வாங்கி வளர்த்தார், அவர் இப்போது கட்டாரில். பகலில் மாமரத்தடியில் சங்கிலியில் நிற்கும், இரவில் வளவுக்குள் அவிழ்த்துவிடுவோம். பின்னேரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் நான் நாயைக் கூட்டிப்போவதாக இல்லை, அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. போன மாதம் ஒழுங்கை முனையில் ஒரு கட்டாக்காலி நாயைக் கண்டு பாய்ந்ததில் நான் விழுந்து, இடது மணிக்கட்டு இன்னும் வீக்கமாகத்தான் இருக்கிறது. முள்ளுச் சங்கிலி வாங்குவோம் என்கிறார் என் கணவர். நாலு அடி போட்டால் சரிவரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யூடியூபில் பார்த்தால் இறைச்சித் துண்டு கொடுத்துப் பழக்கச் சொல்கிறார்கள், அது லஞ்சம் கொடுப்பது மாதிரி இல்லையா? இந்த வயதில் இனிப் பழக்க முடியுமா?" (மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில் (மிருக வைத்தியர்):

டீச்சர், கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பழக்கலாம். ஒன்றேகால் வயது நாய் என்றால் நீங்கள் படிப்பித்த பத்தாம் ஆண்டுப் பொடியன்களை நினைத்துக்கொள்ளுங்கள், உடம்பு வளர்ந்துவிட்டது, பலம் வந்துவிட்டது, காது மட்டும் கேட்காது. நாயை அடக்க முடியவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த வயது நாயோடுதான் வருவார்கள். 4 கிலோக் குட்டியாக இருக்கும்போதும் டைகர் இப்படித்தான் இழுத்திருக்கும், அப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடியிருப்பீர்கள். நாய் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, எடைதான் கூடியிருக்கிறது.

ஏன் இழுக்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் லேசு. ஒன்று, நாயின் இயல்பான நடை நம்முடைய நடையைவிட வேகம், நம்மோடு நடப்பது அதற்குக் கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி. இரண்டு, கழுத்தில் ஒரு பக்கம் இழுவை விழுந்தால் அதற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுவது அதன் உடம்பிலேயே இருக்கிற குணம், நீங்கள் பின்னால் இழுக்க இழுக்க அது முன்னால் சாயும். ஆனால் பெரிய காரணம் மூன்றாவது: இழுத்தால் பலன் கிடைக்கிறது. வேலியோரம் ஒரு வாசனை, டைகர் இழுக்கிறது, நீங்கள் "விடு, விடு" என்று கத்திக்கொண்டே இரண்டடி பின்னால் போகிறீர்கள், அது போய் மணந்து பார்த்துவிட்டது. நீங்கள் கத்தியது அதற்குக் கணக்கில்லை. இழுத்தேன், போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான் அது படித்த பாடம், அந்தப் பாடத்தை ஒரு வருடமாகத் தினமும் இரண்டு நேரம் நீங்களே படிப்பித்திருக்கிறீர்கள்.

கண்ணகி அம்மனுக்கு ஆடுகிற கொம்புமுறி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம், வளைந்த கொம்பு இரண்டையும் கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். இரண்டு பக்கமும் இழுக்கிற வரைதான் அது விளையாட்டு. ஒரு பக்கத்தார் இழுக்காமல் சும்மா நின்றால் மற்றவர் என்ன செய்வார்? நீங்கள் செய்யவேண்டியது அதுதான். டைகரோடு பலத்தில் போட்டி போட வேண்டாம், நீங்கள் வெல்லப்போவதில்லை, மணிக்கட்டுத்தான் சாட்சி. கயிறு தொய்ந்திருந்தால் உலகம் நகரும், கயிறு விறைத்தால் உலகம் நின்றுவிடும், இந்த ஒன்றை மட்டும் அதற்கு விளங்கவைத்தால் போதும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை உங்கள் கணவர் சேரிடமும் சொல்லுங்கள். நீங்கள் பின்னேரம் நின்று நின்று பழக்க, அவர் காலையில் "பாவம், போகட்டும்" என்று இழுத்த இழுப்புக்குப் போனால் ஒன்றும் நடக்காது. நடக்காமல் போவதோடு நிற்காது, இன்னும் மோசமாகும். ஏனென்றால் எப்போதும் கிடைக்கிற பலனைவிட எப்போதாவது கிடைக்கிற பலன்தான் ஆசையைக் கூட்டும், லொத்தர் சீட்டு வாங்குகிறவர்கள் அதனால்தானே விடாமல் வாங்குகிறார்கள். பத்துத் தரம் நீங்கள் நின்று, பதினோராம் தரம் அவசரத்தில் விட்டுக்கொடுத்தால், அடுத்த நாள் டைகர் பதினொரு தரமும் இழுத்துப் பார்க்கும். அவசரமான நாளில் நடை வேண்டாம், வளவுக்குள்ளேயே விடுங்கள்.

சரி, முள்ளுச் சங்கிலி. வேண்டாம். சேர் கோபிக்கக்கூடாது, நானும் தொழில் தொடங்கிய காலத்தில் இழுத்தால் இறுகுகிற சங்கிலியைப் பலருக்கு எழுதிக்கொடுத்தவன்தான். ஒரு நாயைக் கண்ட பிறகு விட்டேன். சைக்கிளைக் கண்டால் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் பிழை. ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் வீட்டுக்காரர் சங்கிலியைச் சுண்டியிருக்கிறார். ஒரு மாதத்தில் அது சைக்கிளைக் கண்டாலே உறுமிக்கொண்டு பாய ஆரம்பித்துவிட்டது. அதன் பக்கத்திலிருந்து யோசித்தால் நியாயம்தான், சைக்கிள் வருகிற நேரமெல்லாம் கழுத்து நோகிறது, அப்போ சைக்கிள்தானே எதிரி? டைகர் கட்டாக்காலி நாய்களைக் கண்டு பாய்கிறது என்கிறீர்கள், அதற்கு முள்ளுச் சங்கிலி போட்டால் நடப்பதும் இதுதான். தொண்டைக் குழாய் நசுங்கி இருமல் வருவதும், கண்ணில் அழுத்தம் கூடுவதும் வேறு. அடிக்கும் இதே பதில், அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு பயப்படும், கயிற்றில் நடக்கப் பழகாது.

வாங்கவேண்டியது 6 அடி நீளத்தில் ஒரு தட்டையான கயிறு, நைலோன் அல்லது பருத்தி, கைக்கு உறுத்தாததாக. இரும்புச் சங்கிலி நடைக்கு வேண்டாம், தொய்ந்து கிடந்தாலும் அதன் பாரமே கழுத்தை இழுக்கும், தொய்வுக்கும் விறைப்புக்கும் வித்தியாசம் நாய்க்குத் தெரியாது. பொத்தானை அமத்தினால் நீளுகிற சுருள் கயிறு அழகாகத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் நீளும் என்பதையே அது படிப்பிக்கிறது. உடம்பில் மாட்டுகிற ஹார்னஸ் வாங்க வசதியிருந்தால், முதுகில் மட்டும் வளையம் உள்ளதை விட்டுவிட்டு நெஞ்சுப் பக்கமும் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முதுகு வளையத்தில் கொளுவினால் வண்டில் மாடு மாதிரி முழு நெஞ்சையும் கொடுத்து இழுக்கும். நெஞ்சு வளையத்தில் கொளுவினால் இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் கிறுகிவிடும், பலம் பாதியாகும். உங்கள் மணிக்கட்டுக்கு இது நல்லது. கிடைக்காவிட்டால் அகலமான சாதாரண கழுத்துப் பெல்ட் போதும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், தலையை உருவிக்கொண்டு போகவும் கூடாது.

இன்னொன்று, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் அப்படி விழுந்திருக்க மாட்டீர்கள். இனிச் சுற்ற வேண்டாம். கயிற்றின் காதைப் பெருவிரலில் மாட்டி, உள்ளங்கையை மூடி, கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், இழுவை தோளுக்கும் மணிக்கட்டுக்கும் போகாமல் உடம்பு முழுவதற்கும் போகும்.

கயிற்றுக்கு வருமுன் மாமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலையிலிருந்து பின்னேரம் வரை 2 மீற்றர் சங்கிலியில் நின்ற இளம் நாயை அவிழ்த்து நேரே ஒழுங்கைக்குக் கொண்டுபோனால் அது இழுக்காமல் என்ன செய்யும்? மணி அடித்ததும் வகுப்பிலிருந்து வெளியே பாய்கிற பிள்ளைகளை நீங்கள் முப்பது வருடம் பார்த்திருப்பீர்கள். வளவுக்கு வேலியோ மதிலோ ஒழுங்காக இருந்தால் பகலிலும் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடுங்கள். நடக்கப் போகுமுன் பத்து நிமிடம் வளவுக்குள் பந்து எறிந்து ஓடவிடுங்கள். சாப்பாட்டில் கொஞ்சத்தைப் பழைய துவாயில் சுருட்டிக் கொடுங்கள், மணந்து, விரித்து, தேடி எடுக்கட்டும். மூக்கால் வேலை செய்த நாய் ஓடிக் களைத்த நாயைவிட அமைதியாகக் கிடக்கும். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் ஆட்களைக் கண்டால் சீறுகிற நாயாக மாறுவதும் உண்டு, காவலுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், கடிபடுவது பெரும்பாலும் வீட்டுக்கு வருகிற தபால்காரரும் சொந்தக்காரப் பிள்ளைகளும்தான்.

இப்போது பழக்குவது. முதல் கிழமை கயிறே வேண்டாம். அவித்த கோழி ஈரல் அல்லது கோழி இறைச்சியைக் கடலைப் பருப்பு அளவுக்கு வெட்டி ஒரு சின்னப் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது, வளவுக்குள் சும்மா நடவுங்கள். கூப்பிட வேண்டாம். டைகர் தானாக உங்கள் வலது தொடைக்குப் பக்கத்தில் வந்ததும் "சரி" என்று ஒரே ஒரு சொல், உடனே ஒரு துண்டு, தொடையோடு ஒட்டிய இடத்திலேயே. "சரி" சொல்வது அது சரியாக நிற்கிற அந்த நொடியில் இருக்கவேண்டும், மூன்று நான்கு நொடி பிந்தினால் அது எதற்குச் சம்பளம் என்று நாய்க்குத் தெரியாது. ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தரம், அதற்கு மேல் வேண்டாம். நாலைந்து நாளில் பாருங்கள், நீங்கள் திரும்புகிற பக்கமெல்லாம் அதுவும் தொடையோரம் வரும்.

ஏன் வலது என்று கேட்பீர்கள், எல்லோரும் நாயை இடது பக்கம்தானே நடத்துகிறார்கள். அது வெறும் பழக்கம், சட்டம் இல்லை. நம்முடைய நாட்டில் வாகனம் இடது பக்கம் ஓடுகிறது, நடக்கிறவர்கள் வருகிற வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரத்தில் நடப்பது நல்லது, அப்படி நடந்தால் வாகனம் உங்கள் இடது பக்கம் போகும், நாய் வலது பக்கம் வேலியோரமாக இருக்கும். உங்கள் நல்ல கையும் வலது. எந்தப் பக்கம் எடுத்தாலும் சேரும் அதே பக்கத்தைப் பிடிக்கவேண்டும்.

இரண்டாவது கிழமை கயிறு, ஆனால் இன்னும் வளவுக்குள். கயிற்றைக் கையில் எடுத்ததுமே குதிக்கத் தொடங்கும் என்றால் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது: குதித்தால் கயிற்றை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டுக் கதிரையில் இருங்கள், பேச வேண்டாம், பார்க்க வேண்டாம். அடங்கினால் மறுபடி எடுங்கள். முதல் நாள் பதினைந்து தரம் எடுத்து எடுத்து மாட்டவேண்டி வரலாம், அன்றைக்கு நடையே போகாமல் விட்டாலும் குற்றமில்லை.

கயிறு மாட்டி நடக்கிறீர்கள். விறைத்ததும் நில்லுங்கள். சுண்ட வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம், பனை மரம் மாதிரி நில்லுங்கள். டைகர் கொஞ்சம் இழுக்கும், பிறகு என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கும், அல்லது ஒரு அடி பின்னுக்கு வரும், கயிறு தொய்யும். அந்த நொடி "சரி", தொடையோரம் ஒரு துண்டு, நடை. திரும்பவே மாட்டேன் என்று நின்றால் நம்மூர்ப் பேச்சில் சொன்னால் கிறுகி நடவுங்கள், அது போக நினைத்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, அமைதியாக. அது உங்களைப் பிடிக்க ஓடிவரும், தொடைக்கு நேரே வந்ததும் சம்பளம். முதல் நாள் கிணற்றடியிலிருந்து கேற் வரை போகப் பத்து நிமிடம் ஆகும், மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மூன்றாம் நான்காம் நாளில் திடீரென்று முன்னைவிடக் கூடுதலாக இழுக்கும், குரைத்துப் பார்க்கும், கயிற்றைக் கடிக்கும். அநேகம் பேர் "இது சரிவராது" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். இது வரைக்கும் வேலை செய்த ஒன்று திடீரென்று வேலை செய்யாவிட்டால் யாரும் அப்படித்தான், மின்விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச்சை நாலு தரம் பலமாக அமத்திப் பார்ப்பதில்லையா? அதில் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

வளவுக்குள் தொய்ந்த கயிற்றில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்கை. அதுவும் உங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் இருபது அடி, போய் வருவது, அவ்வளவு. வீட்டுக்குள் படித்தது தெருவில் மறந்துபோகும், அது பிடிவாதம் இல்லை, இடம் மாறினால் நாய்க்குப் பாடமும் புதிது. திரும்பவும் அடிக்கொரு சம்பளம் என்று தொடங்குங்கள். மணந்து பார்ப்பதைத் தடுக்க வேண்டாம், அதற்கு ஒழுங்கை வேலி என்றால் நமக்குக் காலைப் பத்திரிகை. ஆனால் அதையும் சம்பளமாக மாற்றிவிடலாம்: பத்து அடி கயிறு தொய்ந்து நடந்ததா, "போ, மண" என்று நீங்களே கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இழுத்துக்கொண்டு போனால் மட்டும் அந்தக் கம்பம் கிடைக்கக்கூடாது. ஈரல் துண்டைவிட இது சில நாய்களுக்குப் பெரிய சம்பளம், செலவும் இல்லை.

இனிக் கட்டாக்காலிகள். கல்லடி ஒழுங்கைகளில் அவற்றைக் காணாமல் நடக்க முடியாது, அதனால் காணும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்துக்கு அப்பால் மற்ற நாயைக் கண்டால் காதை நிமிர்த்திப் பார்க்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டிக் கிட்டப் போனால் மண்டைக்குள் எதுவும் ஏறாது, இறைச்சியைக் கூட வாங்காது. டைகருக்கு அது 30 மீற்றரா 50 மீற்றரா என்று இரண்டு நடையில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தூரத்தில் நின்று, மற்ற நாயைக் கண்டு குரைக்குமுன், "சரி" சொல்லித் துண்டு துண்டாகக் கொடுங்கள், ஐந்தாறு, பிறகு கிறுகி வந்த வழியே போங்கள். பத்துப் பதினைந்து தரம் இப்படி நடந்தால், நாயைக் கண்டதும் டைகர் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும், எங்கே என்னுடைய துண்டு என்று. அன்றைக்கு அரைவாசி வேலை முடிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போகலாம். குரைத்துவிட்டதா, ஏசவும் வேண்டாம் கொடுக்கவும் வேண்டாம், தூரத்தைக் கூட்டுங்கள், கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

சரி, அது நம்மைத் தேடி வந்தால்? ஓடாதீர்கள். பெரும்பாலான தெரு நாய்கள் தங்கள் எல்லையிலிருந்து உங்களைத் துரத்தினால் போதும் என்றுதான் வருகின்றன. டைகரைப் பின்னால் வைத்து, வந்த நாயைப் பார்த்து நின்று, குனிந்து கல் எடுப்பது போல ஒரு பாவனை, இலங்கையில் அந்தப் பாஷை தெரியாத தெரு நாய் இல்லை. கல்லை எறியவே வேண்டியதில்லை. அதற்கும் அசையாவிட்டால் பையிலிருக்கிற துண்டு ஒரு கைப்பிடியை அதன் முன்னால் விசிறிவிட்டு அமைதியாக நடந்துவிடுங்கள். இரண்டும் சண்டைப்பட்டுவிட்டால் நடுவில் கை வைக்காதீர்கள், வாளித் தண்ணீர் ஊற்றலாம், ஆட்களைக் கூப்பிடலாம். கடி பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விசர்நாய்க்கடி வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் மட்டும்தான். டைகருக்கு வருடாந்த விசர் ஊசி போட்டதா என்று எழுதவில்லை, போடாவிட்டால் இந்த ஒழுங்கைப் பாடமெல்லாம் அதற்குப் பிறகு. உண்ணிக்கும் ஏதாவது மருந்து கேட்டுப் போட்டுவிடுங்கள், வேலியோரப் புல்லில் நடக்கப் போகிறது.

எங்கே, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லவேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை ஆறரைக்கு முன், பின்னேரம் ஐந்தரைக்குப் பின், நடுவில் வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாக்கு நன்றாக வெளியே தள்ளிக் கடும் சிவப்பாகி, எச்சில் கயிறு மாதிரி வடிந்து, தள்ளாடினால் நடையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

கல்லடிப் பாலத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். 1924இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் பின்னேரம் காற்று வாங்க எனக்கும் ஆசைதான், ஆனால் அது ஒடுக்கம், எதிரே நாயோ சைக்கிளோ வந்தால் விலகித் தூரம் எடுக்க வழியே இல்லை, தூரம் எடுக்க முடியாத இடத்தில் பழக்கவும் முடியாது. வாவிக்கரையில் பொழுதுபட்ட பிறகு நாயைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், முதலை இருக்கிற வாவி. கடற்கரைக்குப் போவதென்றால் ஞாயிறு பின்னேரம் அல்ல, வேலை நாளில் விடியற்காலையில், அப்போதும் கயிற்றைக் கழற்றாமல். கரைவலைக்காரர் கழித்துப் போடுகிற மீனில் பேத்தை, அதுதான் ஊதிப் பெருக்கிற நஞ்சு மீன், கிடக்கும், அதை நாய் விழுங்கினால் பிழைப்பது கஷ்டம். "விடு" என்று சொன்னால் வாயிலிருப்பதைப் போட்டுவிட்டு ஈரலுக்கு வரப் பழக்கிய பிறகு கடற்கரைக்குப் போங்கள்.

வழியில் காத்தான்குடிப் பக்கம் போகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் வருவார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் கழுவித் துப்புரவாக்கிக்கொண்டுதான் தொழப் போகவேண்டும், சிலருக்கு நாயைக் கண்டாலே பயம். "என்ர நாய் ஒன்றும் செய்யாது" என்று தூரத்திலிருந்து சத்தம் போடுவதில் பிரயோசனம் இல்லை. நீங்கள்தான் ஓரத்துக்கு வந்து, கயிற்றைச் சுருக்கி, டைகரை இருத்தி, துண்டு கொடுத்துக்கொண்டிருங்கள், அவர்கள் போகட்டும். அதுவும் ஒரு நல்ல பயிற்சி, ஆட்கள் கடந்து போகும்போது இருந்தால் லாபம் என்று நாய் படிக்கும்.

லஞ்சமா என்று கேட்டீர்கள். இழுக்கிற நாய்க்கு முன்னால் இறைச்சியைக் காட்டி "வா வா" என்றால் அது லஞ்சம், அப்படிச் செய்தால் இறைச்சியைக் காணாத நாளில் அது வராது. செய்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் சம்பளம். நீங்களும் கொப்பியில் "மிக நன்று" போட்டது பிள்ளை எழுதிய பிறகுதானே, எழுதுமுன் போடவில்லையே. நான்கைந்து கிழமை போனபிறகு பத்தடிக்கு ஒன்று, பிறகு ஐம்பதடிக்கு ஒன்று என்று குறைத்து, இடையிடையே மணக்க விட்டும் தட்டிக் கொடுத்தும் நிரப்பலாம். கொடுத்த அளவை இரவுச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்கப் பழகிய கொழுத்த நாய் ஒன்று மிஞ்சும். ஈரல் அளவோடு, கருவாடு உப்பு, வேண்டாம். கறிச்சட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு ஆகாது.

நலம் எடுத்தால், அதாவது விதை நீக்கினால், இழுப்பது நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். பெட்டை தேடி ஊர் சுற்றுவது குறையும், அதற்காகச் செய்யலாம், நல்லதுதான். கயிற்றில் நடப்பது அறுவைச் சிகிச்சையால் வராது.

எத்தனை நாள் என்றால், தினமும் செய்தால் வீட்டு ஒழுங்கையில் அமைதியாக நடக்க இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாக்காலிகளைக் கண்டும் காணாமல் போக இன்னும் கூடுதலாக. சில நாள் முன்னேறும், மழை பெய்து நாலு நாள் வெளியே போகாவிட்டால் பின்னுக்குப் போகும். அப்படிப் போனால் வளவுக்குள் இரண்டு நாள் திரும்பச் செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

கை விஷயம். ஒரு மாதத்துக்குப் பிறகும் வீக்கம் இருந்தால் அது வெறும் சுளுக்காக இருக்காமலும் விடலாம், மணிக்கட்டில் சின்ன எலும்பு வெடித்தால் வெளியே தெரியாது. நான் மிருக வைத்தியன், உங்கள் கையைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை, இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். அது வரைக்கும் கயிறில்லாத முதல் கிழமைப் பாடத்தை நீங்கள் செய்யலாம், வலது கை ஒன்று போதும். கயிற்றைச் சேர் பிடிக்கட்டும், வளவுக்குள் மட்டும். கேற்றுக்கு வெளியே இப்போதைக்கு இருவருமே வேண்டாம்.